நான்காவது துளை

நாங்கள் செய்தது வெள்ளை எண்ணெய்.
நிறமில்லை, மணமில்லை.
தையல் இயந்திரத்துக்குப் போகும்,
பிறந்த குழந்தையின் தொடையிடுக்குக்கும் போகும்.
அந்த வெண்மையைப் பிரித்தெடுக்கக்
கந்தக அமிலம் ஊற்றிக் கலக்குவோம்.
கீழே தங்கும் கறுப்புக்கு
ஆவணத்தில் ‘வீழ்படிவு’ என்று பெயர்.
லாரி ஓட்டுநர்கள் வைத்த பெயரை எழுத முடியாது.

வார்னுமேஷ் காட்டில், பைன் மரங்களுக்கு நடுவே
அதற்கொரு குழி.
தற்காலிகம் என்றார் தலைமைப் பொறியாளர் வால்ஃப்ரீட்ஸ்.
எனக்கு வயது இருபத்தாறு.
சொந்தமாக ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ்,
குழியின் அடிமண்ணுக்கு நானே பொறுப்பு.

நான்கு துளை போட்டோம்.
மூன்றில் களிமண்.
நீலச் சாம்பல் நிறம், விரலில் ஒட்டினால்
சோப்புக்கும் அசையாது.
நான்காவதில் டோனாட்ஸ் துரப்பணத்தைத் தூக்கியபோது
மணல் பொலபொலவென்று உதிர்ந்தது.
உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தான்.
“கடற்கரை, பொறியாளரம்மா.
துண்டு கொண்டுவந்தீர்களா?”

சிரித்தேன்.

ஐந்தாவது துளை போட்டிருக்கலாம்.
வெள்ளிக்கிழமையோடு இயந்திரம் வேறு மாவட்டம் போகிறது.
அந்த மணல் எங்கே தொடங்கி
எங்கே முடிகிறது என்று தெரியாமலே
களிமண்ணின் தடிமனைக் கூட்டினேன்:
நாலு, நாலரை, ஐந்து, பூஜ்யம்.
நாலால் வகுத்தேன்.
விதி கேட்டது மூன்று மீட்டர்.
கிடைத்தது மூன்றேகாலுக்கும் மேல்.
இதில் பொய் எங்கே என்று
எந்தக் கணக்காசிரியரும் காட்ட முடியாது.

பச்சை மையில் கையெழுத்து: ஜித்ரா பாயெக்லே.
ஜித்ரா என்றால் எங்கள் லாத்விய மொழியில் தெளிந்தது.
தண்ணீரைத்தான் அப்படிச் சொல்வோம்.

குழி நிறைந்தது. பக்கத்தில் இன்னொன்று.
மழை பெய்தால் தாருக்கு மேலே ஒரு சாண் தண்ணீர் நிற்கும்,
மேகம் முழுசாகத் தெரியும்.
ஏரி என்று நம்பிக் காட்டு வாத்துகள் இறங்கின.
வேலி போட்டோம்.
வாத்துக்கு வேலி!

கோடையில் தார் இளகும், பனியில் இறுகும்.
அடியில் மட்டும் பருவம் கிடையாது.
நீர் எந்தச் சராசரி வழியாகவும்
போவதில்லை.
அது நான்காவது துளையைக் கேட்டுக்கொண்டே போனது.

பதினோராம் வருஷம், மார்ச் மாதம்.
வடக்கே இரண்டு கிலோமீட்டரில் குடியிருந்த லோனியா
ஆலை வாசலுக்கு ஒரு பாட்டிலோடு வந்தாள்.
பிர்ச் மரத்தில் துளையிட்டு வடித்த சாறு.
வசந்தம் பிறந்ததும் இங்கே எல்லா வீட்டிலும் குடிப்பது.
“மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது, பாருங்கள்.”

ஒரு மிடறு குடித்தேன்.
அடித்தது.

அதற்கு மேலாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.
“பாத்திரத்தை நன்றாகக் கழுவுங்கள்” என்றேன்.

மணலை மறைத்தபோது எனக்கு அவசரம் இருந்தது,
மேலதிகாரி இருந்தார், வெள்ளிக்கிழமை இருந்தது.
இதைச் சொன்னபோது
யாரும் என்னைக் கேட்கவில்லை.
யாரும் மிரட்டவில்லை.
நாக்கில் அந்த வாடை இருக்கும்போதே சொன்னேன்.

இப்போது ஆலை இல்லை. வால்ஃப்ரீட்ஸ் இல்லை.
விசாரணைக் குழு பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் கூடியது,
கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே என் நாற்காலி.
அந்தக் காலத்து விதிமுறைப்படி எல்லாம் சரி,
அம்மையார் மீது குற்றமில்லை என்று
வழக்கறிஞர் மிக நயமாகப் பேசினார்.
எனக்காகப் பேசுகிறவரை
நிறுத்தச் சொல்வதற்கு வெகுநேரம் ஆயிற்று.

பின்வரிசையில் லோனியா எழுந்தாள்.
திட்டுவாள் என்று நினைத்தேன்.
“கழுவினேன்” என்றாள்.
“மூன்று வசந்தம் கழுவினேன்.”
உட்கார்ந்துவிட்டாள்.

பழைய படிவத்தைக் கேட்டு வாங்கினேன்.
பச்சை மை லேசாகப் பழுத்திருந்தது.
சராசரியை அடித்துவிட்டு
மேலே பூஜ்யம் என்று எழுதினேன்,
தேதி போட்டேன், இன்றைய தேதி.

செயலர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.
பூஜ்யத்துக்கு அலகு தேவையா என்று கேட்டார்.

தேவை.
மீட்டர்.