ஒரு ஜோடி வெண்பா

மிஷன் வீதியில் என் கடை.
ஸ்கேன், லேமினேஷன், பழைய படம் புதுப்பித்தல்.
போன செவ்வாய் லாஸ்பேட்டை அலெக்சி வந்தார்,
பிஸ்கட் டப்பாவில் மூன்று படங்களோடு.
மகள் மெலானிக்கு மே மாதம் புதுநன்மை.
விருந்து மண்டபத்தில் மாட்டவேண்டும்,
ஆள் உயரத்துக்கு.

ஜெர்மேன், 1931.
ஒதில், 1934.
லுயீஸ், 1938.
அவருடைய தாத்தாவுக்கு அக்காமார்.
ஒரே நாற்காலி, ஒரே மெழுகுவர்த்தி,
ஒரே ஜோடி வெள்ளைக் காலுறை,
தொடைவரை ஏறும் வைரக் கட்டம்.

“பா” என்றார் அலெக்சி.
எங்கள் வீட்டில் அதுக்கு அதுதான் பேர்,
பிரெஞ்சுக்காரன் விட்டுப்போனது.

பத்தாவதில் தமிழுக்கு முப்பத்தேழு வாங்கியவள் நான்.
இருந்தும் சிரிப்பு வந்துவிட்டது.
அடி இருக்கிறது, தொடை இருக்கிறது,
முழங்காலுக்கு மேல் நாடா கட்டித்
தளையும் இருக்கிறது.
நிறமோ வெள்ளை.
இந்த வெண்பாவைப் பரீட்சையில் கேட்டிருக்கலாம்.

சைகோனிலிருந்து மாமன் அனுப்பிய பார்சலாம்.
பனி கொட்டும் ஊர்ப் பிள்ளைகளுக்கென்று பின்னியது.
அங்கே முதலில் வெறும் கறுப்புக் கம்பளி;
பிறகு குறுக்குக் கோடு; பிறகு கட்டம்;
கணுக்கால் ஓரம் அம்புபோல் ஒரு தையல்.
கவுன் மேலே ஏற ஏற
காலுக்கு வேலை கூடிப்போனது.
அதெல்லாம் சேர்ந்து கத்திரி வெயிலில்
இந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கியது,
சொறிந்துகொள்ளக் கூடாத மூன்று சிறுமிகளுக்காக.

என் காலத்தில் கான்வென்ட் சாக்ஸ்.
வெள்ளை, மேலே இரண்டு நீல வளையம்.
எலாஸ்டிக் போனதும் ரப்பர் பேண்டு.
சாயங்காலம் கழற்றினால்
கெண்டைக்காலில் என் சொந்த டிசைன், சிவப்பாக.

ஆயிரத்து இருநூறில் ஸ்கேன் போட்டேன்.
ஒதிலின் இடது முழங்காலில் ஒரு வெள்ளைத் திட்டு.
பூஞ்சை. அழித்தேன்.
அடுத்து லுயீஸ். அதே இடத்தில் அதே திட்டு,
வலது காலிலும் ஒன்று, குதிகால் பக்கம் இரண்டு.
அழிக்கப் போன கை நின்றது.
பூஞ்சைக்கு ஐந்து இதழ் இருக்காது.

ஜெர்மேன் படத்தைப் பக்கத்தில் வைத்தேன்.
வெறும் கட்டம். ஒரு பூ இல்லை.

Ctrl-ஐயும் Z-ஐயும் அன்றைக்குப்போல்
நான் வேகமாக அழுத்தியதே இல்லை.
ஒதிலுக்கு முழங்கால் திரும்பி வந்தது.

சனிக்கிழமை அலெக்சி வந்தபோது மெலானியும் கூட.
ஆன்லைனில் வாங்கிய நீளச் சாக்ஸ்,
கால் முழுக்க ஆக்டோபஸ்.
மூன்றும் ஒரே மாதிரி இருக்கட்டுமே, என்றார் அவர்,
அந்தப் புள்ளிகளை எடுத்துவிட்டால் நீட்டா இருக்கும்.

புள்ளி இல்லை சார், பூ.
ஓட்டைமேல் போட்ட பூ.
நூலே வேறு, பாருங்கள்.
லுயீஸுக்கு உயரம் போதாமல்
மேலே நாலு விரல் ஒட்டுப்போட்டிருக்கிறார்கள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
வந்தவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள், என்றார்.

மெலானி திரையில் மூக்கு படக் குனிந்தாள்.
ஒதிலின் பூவை விரலால் தொட்டாள்.
“இவங்க விழலை” என்றாள்.
பிறகு ஜெர்மேனைக் காட்டி,
“இவங்கதான் விழுந்தது. போட்டோவுக்கு அப்புறம்.”

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.
இடது ஆக்டோபஸைக் கணுக்கால்வரை உருட்டினாள்.
முழங்காலில் ஒரு பிளாஸ்டர்,
மஞ்சள் வாத்துகள் அச்சடித்தது,
ஓரம் உரிந்து.
“சைக்கிள்” என்றாள்.

பூக்கள் இருக்கட்டும் என்றார் அலெக்சி,
விலையில் நூறு குறைக்கச் சொன்னார்,
வேலை ஒன்றும் செய்யவில்லையே என்று.
ஐம்பது குறைத்தேன்.

பிரிண்ட் காய்கிறது.
ஆள் உயரத்தில் நாலு பூவும்
தட்டு அளவு இருக்கின்றன.
நாலில் ஒன்று கோணல்.
லுயீஸ் மட்டும் கேமராவைப் பார்க்கவில்லை,
குனிந்து அதைத்தான் பார்க்கிறாள்.