இரும்புதானே?

கார்பன் வாங்கச் சொன்னான் பெனடிக்ட்.
ஒற்றை விரலில் தூக்கியும் காட்டினான்.
நான் எடுத்தது பதின்மூன்று கிலோ இரும்பு,
அகல டயர், முன்சக்கரத்தில் டைனமோ,
தோல் சீட்டு.
முதல் ஆயிரம் கிலோமீட்டர்
அதுதான் என்னைப் பழக்கியது.

மஸ்கட்டிலிருந்து சலாலா.
ஆதம் தாண்டினால்
திரும்புவதற்கு ஒரு வளைவுகூட இல்லை.
எதிரே காற்று, பின்னால் லாரி.
இரவில் மிதிக்கிற அளவுக்குத்தான் வெளிச்சம்;
களைத்தால்
பாதையும் மங்கும்.

ஹைமாவுக்கு முன்பே ஒரு முனகல்.
முழங்கால் என்று நினைத்தேன்.
பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் குழாயில்
மயிரிழை விரிசல்.

நள்ளிரவு. தண்ணீர் டேங்கர் பட்டறை.
பெஷாவர்க்காரர் ஜர்வலி
முகமூடியை இறக்குமுன் கேட்டது ஒன்றுதான்:
"இரும்புதானே?"
"இரும்புதான்."

நான்கு நிமிடம் நீலப் பொறி.
பெயின்ட் கருகிய வாடை.
காசை நீட்டினால் கையைத் தட்டிவிட்டார்,
ஒரு ரவுண்டு போய் வரட்டுமா என்றார்.

சல்வார் நுனியைச் செருகிக்கொண்டு ஏறினார்.
டேங்கர்களுக்கு நடுவே விளக்கு
மங்கி, எரிந்து, மங்கி,
பிறகு சீராக எரிந்தபடி
நெடுஞ்சாலையில் ஏறியது,
சலாலா பக்கமாக.

கூப்பிடலாம்.
கூப்பிடவில்லை.