தடைக்கால அளவுகள்

எங்கள் ஏட்டில் அவளுக்குப் பெயர் இல்லை.
மண்டபம், நாற்பத்தொன்று.
பெயர் எழுதிய தாள் ராமநாதபுரத்தில்
பூட்டிய பீரோவில் கிடக்கிறது, சாவி வேறொருவரிடம்.
ஆனால் பேருந்து நிறுத்தத்தில் யாரோ
"ஏ நம்புநாயகி" என்று கூப்பிட்டபோது
திரும்பிப் பார்த்தவள் அவள்தான்.
காதில் விழாதவன்போல வண்டியை உதைத்தேன்.

முதல் நாள், முன்கையில் பேனாவால் எண் போட்டு
பன்னிரண்டு சொட்டு வைத்தோம்:
தூசியுண்ணி, கரப்பான், பூனை முடி,
சீமைக்கருவேல மகரந்தம்.
பிர்ச் என்று ஒரு மரம்,
ராமேஸ்வரம் ரோட்டில் எவனும் கண்டதில்லை,
அதற்கும் ஒரு சொட்டு. பெட்டியோடு வந்தது, விடக்கூடாது.
ஒவ்வொரு சொட்டிலும் ஊசிமுனை. பதினைந்து நிமிடம்.
கருவேலம் கொசுக்கடியாய்த் தடித்தது.
பிர்ச் கிடந்தபடி கிடந்தது.
"அது நல்ல மரம் போலருக்கே" என்றாள்.

இறாலுக்குச் சொட்டு இல்லை அந்தப் பெட்டியில்.

பிறகு ஊதுகுழல்.
நின்றபடி, நெஞ்சு நிறைய இழுத்து, ஒரே ஊதாய்,
மூன்று தடவை. மூன்றில் பெரியதை எழுத வேண்டும்.
"பலூன் ஊதுற மாதிரியா?"
"இல்ல. தண்ணிக்குழாய்ச் சண்டையில
மொதச் சத்தம் போடுவீங்கள்ல, அப்படி."
"அப்ப சரி."

பிப்ரவரி: 190, 180, 210, 180.
நோட்டில் ஈரம் பட்டு மை ஊறியிருக்கிறது.
இரண்டு பக்கங்களுக்கு நடுவே
காய்ந்த இறால் மீசை ஒன்று.
விடியுமுன் கம்பெனியில் உட்கார்ந்தால்
தலை கிள்ளி, ஓடு உரித்து, கிலோவுக்குக் கூலி.
ஓஸைத் திருப்பித் தரையை அடிக்கும்போது
பனிபோல ஒன்று கிளம்பும்.
"அதத்தான் சார் மூச்சோட குடிக்கிறோம்."
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
தொழில் என்ற கட்டத்தில்
எனக்கு முன்பே யாரோ நிரப்பியிருந்தார்கள்:
இல்லத்தரசி.

ஏப்ரல் பதினைந்து.
விசைப்படகுகள் ஒன்றோடொன்று தோள் உரசிக் கிடந்தன.
மாத முடிவில் 260.
மே நடுவில் 310.
ஜூன் முதல் வாரம் 340.
திரையில் ஏறிய கோட்டைப் பார்த்து
டாக்டர் கமருதீன் மேசையைத் தட்டினார்.
எந்தக் குப்பியில் மருந்து, எதில் ஒன்றுமில்லை,
அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
எல்லாம் ஒரே வெள்ளை.

நான் போனபோது வாசலில் நிமிர்ந்து நின்றாள்.
"ராத்திரி படுத்துத் தூங்குறேன் சார்.
ஆறு வருசமா உக்காந்துல்ல தூங்குனேன்."
கொஞ்சம் பொறுத்து,
"மூச்சு வந்துருச்சு. அரிசிதான் வரல.
நிவாரணம் கடலுக்குப் போறவுகளுக்கு.
உரிக்கிறவுகளுக்கு என்ன இருக்கு?"
காதில் கம்மல் இருந்த இடத்தில்
விளக்குமாற்றுக் குச்சி.
340 என்று எழுதிக்கொண்டேன்.
சிரித்திருக்கிறேன் போல.

தடை முடிந்து படகுகள் போயின, வந்தன.
ஜூன் பத்தொன்பது மாலை 220.
அதன்மேல் அழுத்தி அழுத்தி
330 என்று திருத்தியிருந்தாள்.
"ஏம்மா?"
"போன தடவ அம்புட்டுச் சந்தோசமா எழுதுனீகளே."

விதி இது: எண்ணின்மேல் எண் எழுதக்கூடாது.
பிழைக்கு ஒற்றைக் கோடு, அடியில் இருப்பது தெரியும்படி.
பக்கத்தில் சரியானது, கையொப்பம், தேதி.
அவளுக்கு அதைக் காட்டிக்கொடுத்தேன்.
பேனா நடுங்கியது எனக்குத்தான்.

நவம்பரில் உறையைப் பிரித்தார்கள்.
நாற்பத்தொன்று: ஒன்றுமில்லாத குப்பி.
அறை கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு கமருதீன், என்னைப் பார்க்காமல்,
"தடைக்காலத்த எந்தக் கட்டத்துல போடுறது?" என்றார்.

அடுத்த பெட்டிக்கான பட்டியல் என்னிடம் வந்தது.
பிர்ச்சின்மேல் ஒற்றைக் கோடு.
பக்கத்தில் இறால்.
கையொப்பம், தேதி.
எட்டு வாரமாகும் என்று பதில்.

இன்று காலை அவள் நோட்டில் 200.
திருத்தம் இல்லை.