ஜீரோ பாத்துக்குங்க

விருதம்பட்டு பங்கில் பெட்ரோல் போடும் பையன்
தினமும் இதையே சொல்கிறான்:
"ஜீரோ பாத்துக்குங்க சார்."
பார்க்கிறேன்.
பார்த்து முடிக்குமுன் நூறு ரூபாய் ஓடிவிடுகிறது.
லிட்டர் பக்கம் ஒன்று வருவதற்குள்
குழாயை எடுத்து மாட்டிவிடுகிறான்.

சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை
கரண்ட் பில்லின் முதுகில் கணக்குப் போட்டோம்.
சேவூரிலிருந்து லாங்கு பஜார்,
போக வர இருபத்துநாலு கிலோமீட்டர்.
பதினோரு வருஷத்து வண்டி, நாற்பதுக்கு மேல் தராது.
பாலத்தில் நின்று உறுமும்போது குடிப்பது தனி.
நவநீதா பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்:
"நானும் பின்னாடி உக்காந்தா முப்பத்தஞ்சு.
நாளையிலேர்ந்து எனக்கு ஃப்ரீ பஸ்."

அப்படித்தான் இறங்கினாள்,
ஏழு வருஷம் என் தோளில் ஒரு கை வைத்து
உட்கார்ந்து வந்தவள்.

கண்டக்டர் அவளுக்குக் கிழிப்பதும் ஜீரோ.
காசு இல்லை, சீட்டு உண்டு.
முதல் நாள் சீட்டைக் கொண்டுவந்து
டிவி மேல் வைத்தாள், ஃபேன் காற்றில் பறந்துபோனது.
அந்த மாதம் மிஞ்சியதில்
அவளுக்கு ஒரு பிளாஸ்க், எனக்குப் பின் டயர்.
பின் சீட்டில் இப்போது
கடைக்குப் போகும் பேரிங் பெட்டி வருகிறது.
வளைவில் கூடவே சாயத் தெரியாது அதற்கு.

பாலாற்றுப் பாலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை
ஆக்சில் முறிந்த லாரி குறுக்கே நின்றது.
காட்பாடி முழுக்க அதன் பின்னால் நின்றது.
கீழே மணல், கோரை, நடுவில் ஒரு கோடு தண்ணீர்.
இன்ஜினை அணைத்தேன்.
என் கைப்பிடியை உரசுகிற மாதிரி ஒரு பஸ்.
ஜன்னலில் அவள்.

"என்ன, இன்னும் இங்கயா?"
"நீ மட்டும் பறந்தியாக்கும்?"
சிரித்தாள். வளையல் கம்பியில் இடித்தது.
ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில்
புது சூப்பர்வைசர் வந்தது,
தம்பி பெண்டாட்டி கேட்டுவிட்ட ஒரு வார்த்தை,
இடுப்பு இரண்டு மாதமாய்க் குனியவிடாதது,
ஹெல்மெட்டுக்கும் காற்றுக்கும் நடுவே
இத்தனை நாள் எனக்குக் கேட்காமல் போனதெல்லாம்
கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னாள்.
கடைசியில் பாதி கொய்யா,
கடித்த பக்கத்தைத் தான் வைத்துக்கொண்டு.

பஸ் நகர்ந்தது.

அதற்கப்புறம் கணக்கு என்னை விடவில்லை.
டிக்கெட் பதினைந்து, போக வர முப்பது,
பெட்ரோலில் சரிபாதி.
நானும் பஸ் ஏறினேன்.
முன்பக்கம் அவர்கள், பின்பக்கம் நாங்கள்.
நடுவில் அறுபது பேர், காலேஜ் பைகள்,
யாருடையதோ ஒரு கூடை முருங்கைக்கீரை.
அவள் கொண்டையில் குத்திய பச்சை கிளிப் மட்டும்
கிரீன் சர்க்கிள் வரை தெரிந்தது.
அப்புறம் அதுவும் இல்லை.
இறங்கும்போது "இடம் கெடச்சுதா?" என்றாள்,
ஒரே தெருக்காரி மாதிரி.

நாலு நாள் போனேன்.

இன்று மறுபடி விருதம்பட்டு, மறுபடி வண்டி.
விலை மாறியிருக்கிறது, பையன் மாறவில்லை.
"ஜீரோ பாத்துக்குங்க."
பார்த்தேன்.
எட்டு நாற்பதுக்கு அவள் பஸ் பாலம் ஏறும்.
எட்டு முப்பத்தைந்துக்கு நான் ஏறினால்
நெரிசல் இருக்கும்.
இருக்க வேண்டும்.

போலீஸ்காரர் இருவரை நிறுத்தி
பாலத்தில் இப்போது வண்டிகள்
நிற்காமல் போகின்றன என்கிறான் பையன்,
மூடியைத் திருகிக்கொண்டே,
நல்ல சேதி சொல்கிற முகத்தோடு.