பன்னிரண்டாம் குப்பி

புன்டா அரேனாஸிலிருந்து ஒன்பது நாள்.
இரண்டாயிரம் மீட்டர் ஆழத்தில்
ஓராண்டு வாய் பிளந்து நின்ற புனலை
முக்கி முனகி இழுக்கிறது வின்ச்.

அடியில் இருபத்தொரு குப்பிகள்,
பதினேழு நாளுக்கு ஒன்று.
ரோசால்பா ஒவ்வொன்றாய் விளக்கில் காட்டிப் பார்க்கிறாள்.

குளிர்காலத்தவற்றில் நகக்கண் அழுக்களவு.
ஒன்பதாவதில் இரண்டு விரற்கடைச் சேறு:
பாசியின் கண்ணாடிக் கூடு,
கிரில்லின் எச்சம்,
எங்கோ யாரோ விட்ட மூச்சின் கரி.

கடலில் கரைத்த பெருங்காயம் என்போம்
வீணாய்ப் போனதை.
இங்கே
படகோனியப் புழுதியோடு
சிட்டிகை இரும்பு வந்து விழுந்தாலும்
கடல் பச்சை கட்டுகிறது.
திமிங்கிலம் வெளிக்குப் போன இடத்திலும் அப்படித்தான்
என்கிறான் எலியோதோரோ, சூப்பைக் கிண்டியபடி.

மேலிருந்து புறப்பட்டதெல்லாம் வந்து சேரவில்லை.
வழியெங்கும் வாய்கள்.
தின்றவை தின்று, மூச்சாய் விட்டது போக
மிஞ்சியது இவ்வளவுதான்;
இது வானத்தை மறுபடி பார்க்கப்
பல நூறு ஆண்டாகும்.

நம் புகைபோக்கியை யாரும்
குப்பியில் பிடிப்பதில்லை.

பன்னிரண்டாவது காலி.
தெளிந்த உப்புநீர்.

பதின்மூன்றில்
கட்டைவிரல் நீள விளக்குமீன்,
முதுகில் அப்பிய சேற்றோடு.
புனலின் கழுத்தை அடைத்துக் கிடந்து
அழுகியபின் நழுவியிருக்கிறது.

சுழியம் என்று எழுதியவள்
அதை அடித்துவிட்டுக்
கோடு போடுகிறாள்.
விழாதது வேறு,
பார்க்காதது வேறு.

மீனை இடுக்கியால் எடுத்துத்
தட்டில் வைக்கிறாள்.
படிவத்தில்
அதற்குக் கட்டம் இல்லை.