வாராய்

பத்தொன்பதாம் நாள்
பெட்டிகள் வந்தன.
கூரை பறந்துபோன ஜெபக்கூடத்தில்
வானத்துக்கு நேர்கீழே பிரித்தோம்.
கம்பளிக் கோட்டுகள் நாற்பது.
பனிச்சறுக்குக் கையுறைகள்.
குதிகால் உயர்ந்த சிவப்புச் செருப்பு,
இடது கால் மட்டும்.
அடியில், விலைச்சீட்டுகூடக் கழற்றாத
ஒரு கல்யாண கவுன்.

சிரித்தார்கள்.
சாமர் தீவின் இந்த ஓரத்தில்
காற்று எடுத்துப்போக மறந்தது
அது ஒன்றைத்தான் என்பதுபோல்
வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.
தியோஸ்தாதோ ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு
உச்சி வெயிலில் நடுங்கிக் காட்டினான்.
நான் சிரிக்கவில்லை.
என் கையில் படிவம் இருந்தது.

கூரை?
வாராய்.
படகு?
வாராய்.
கிணற்றில் உப்பேறாத தண்ணீர்?
வாராய்.

இவர்கள் பேச்சில் அதற்கு 'இல்லை' என்று பொருள்.
அந்தப் பேச்சுக்கே அதுதான் பெயர்.
வந்து ஏழு மாதமாகிறது,
என் தமிழ்க் காது இன்னும் பழகவில்லை.
அதற்கு அந்தச் சொல் வா என்று கேட்கிறது;
வரமாட்டாய் என்றும் கேட்கிறது.
இரண்டில் எதுவென்று
ஒவ்வொரு முறையும் ஒரு கணம் தடுமாறுகிறேன்.

கொன்சோர்சியாவின் முறை.
வீட்டில் எத்தனை பேர்?
ஐந்து என்றாள்.
எதிரே நின்றவர்கள் மூவர்.
அரிசி ஆளுக்கு இரண்டு கிலோ,
தலைமையகம் கணக்குக் கேட்கும்.
பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி
மற்ற இருவர் எங்கே என்றேன்.
அவள் கடல் பக்கம் திரும்பவில்லை.
என் முகத்தைப் பார்த்து
அந்த ஒரு சொல்லைச் சொன்னாள்.

ஐந்து என்று எழுதினேன்.
பத்துக் கட்டளைகளையும் பிசகாமல் ஒப்பித்து
ஓய்வுநாள் பள்ளியில் பரிசு வாங்கியவள் நான்.
எழுதியது பொய்யா என்று
இன்றும் எனக்குத் தெரியாது.

போகும்போது கவுனைக் கேட்டாள்.
எதற்கு என்று வாயெடுத்தேன்.
பாஸ்டர் எலூத்தேரியோ என் முழங்கையைத் தொட்டார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
முப்பது வருட ஊழியம், பதினோரு பேர் சபை.
அதிலும் தூங்காமல் கேட்டவர்கள் நால்வர் என்பார்.
இப்போது ஊரே அவர் பின்னால் போகிறது,
ஒரு மோட்டார் ரம்பத்துக்காக.
சாய்ந்த தென்னைகளைப் பலகையாக்குகிறார்.
முதல் பலகை கத்தோலிக்கப் பாதிரியார் வீட்டுக்கு,
அடுத்தது சேவல் சண்டைக்காரனுக்கு.
சட்டைப் பையில் புதிய ஏற்பாடு
எண்ணெய் ஊறி
மத்தேயுவும் மாற்கும் ஒட்டிக்கொண்டு
ஒரே ஆளாகிவிட்டார்கள்.
ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று
யாராவது வந்து நின்றால்,
"முதலில் அந்த முனையைப் பிடி" என்கிறார்.

இரண்டு நாள் கழித்து
தடுப்பூசிப் பெட்டியோடு போனேன்.
கொன்சோர்சியாவின் தார்ப்பாய்க்குக் கீழே
கவுன் இல்லை.
அதன் வலைத்துணி மட்டும்
அடுக்கடுக்காய்ப் பிரிந்து
நான்கு மூங்கில்களில் தொங்கியது.
உள்ளே ஒரு குழந்தை,
கை கால் பரப்பி,
நிலச்சுவான்தார்போல் தூங்கியது.
யாருடையது?
பக்கத்துத் தார்ப்பாயை மோவாயால் காட்டினாள்.
கொசு ஒன்று வெளியே முனகிக்கொண்டிருந்தது.
மூலையில் விலைச்சீட்டு
காற்றுக்குச் சுழன்றது;
அதைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை.

அரிசிப் பானையைப் பார்க்கக் கூடாதென்று
வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.
பார்த்தேன்.
மூடியிருந்தது.

இரவு, ஜெனரேட்டர் ஓடும் ஒரு மணி நேரத்தில்
மாத அறிக்கை.
சந்தித்த ஆத்துமாக்கள் எத்தனை?
கட்டம் சிறியது,
மூன்று இலக்கம்தான் கொள்ளும்.
கரையில் யாரோ இருட்டைப் பார்த்துக் கூப்பிடுகிறார்கள்;
ஒரு பெயரா, அந்தச் சொல்லா,
அலைக்கு நடுவே பிரிக்க முடியவில்லை.
கட்டத்தைக் காலியாக விட்டு
கையெழுத்திட்டேன்.

காலை ஆறு மணிக்கு
பள்ளிக்கூடத்துப் பின்னால் ஒரு பெரிய மரமாம்.
முனையைப் பிடிக்க
ஆள் போதவில்லையாம்.