கடை ஸ்டாப்பிங்

புதன்கிழமை ஒன்பதரைக்குக்
காங்கேயத்தில் கிளம்பும் டவுன் பஸ்ஸில்
நாங்கள் ஏழு பேர்.
லைசென்ஸ் எல்லாம் கோர்ட்டு அலமாரியில் தூங்குகிறது.
சாயப்பட்டறை ஓனர் முத்துலிங்கம்
தன்னிடம் லாரி ஓட்டிய நாச்சிமுத்துவிடம் கேட்கிறார்:
"சில்லறையா ஒரு பத்து ரூவா இருக்குதா?"

மூன்றாம் தடவை மாட்டியவர்களுக்குப்
பன்னிரண்டு புதன்கிழமை என்று எழுதினார் மாஜிஸ்திரேட்.
"சிகிச்சையா, ஜெயிலா?"
கூண்டில் நின்று விரல்விட்டு எண்ணினேன்.
நடுவில் மாரியம்மன் நோம்பி வந்தது.

மையம், கொப்பரைக் களத்துக்குப் பின்னால்.
அந்த இடத்துக்கு பஸ்ஸில் வேறு பெயர் இல்லை.
"கடை ஸ்டாப்பிங் எறங்குங்க."
அரசாங்கம் விற்கும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி
அரசாங்கம் அனுப்பிய இடத்துக்கு
இருநூறு தப்படி.
முதல் வாரம் அது
தாராபுரம் வரைக்கும் நீண்டது.

ரெஜினா மேடம் மார்த்தாண்டத்துக்காரர்.
எங்கள் 'ங்க' அவரிடம் செல்லாது.
"கொஞ்சமாத்தானுங்க."
"கொஞ்சம்னா எத்தனை மில்லி?"
நோட்டின் மேல் பேனா
எழுதாமல் காத்திருக்கும்.
மரியாதைக்குள் எதை எதையெல்லாம்
மடித்து வைக்கலாமென்று
எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ஐந்தாம் வாரம் ஆளுக்கொரு தாள்.
யாருக்கு என்ன செய்தீர்களோ
அவருக்கு எழுதுங்கள்.
நாச்சிமுத்து அழுதான்.
காலேஜ் பையன் பிரணவ் பேனா மூடியைக் கடித்தான்.
எனக்கு எழுத ஆள் இல்லை.
டெம்போவில் நாற்பது மூட்டை கொப்பரை,
ஒன்றுகூடச் சரியவில்லை.
ஊதச் சொன்னார்கள், ஊதினேன்.
நூற்றி நாற்பத்தாறு என்றது மெஷின்.
முன்சீட்டில் தர்ஷினி
டியூஷன் பையைக் கட்டிக்கொண்டு.

"ஒண்ணும் ஆகலைங்களே மேடம்."

வெற்றுத் தாளை வீட்டில் மேஜை மேல் வைத்தேன்.
கணக்கு நோட்டிலிருந்து தலை தூக்காமல்
அவள் கேட்டாள்:
"வாய்க்கா பாலத்துகிட்ட
நாந்தானேப்பா ஸ்டீயரிங்கப் புடிச்சேன்?"

இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் போன மாதம் அது.
பாலம் எனக்கு ஞாபகமில்லை.
அவள் கை ஞாபகமில்லை.
இப்போது பஸ் அதைத் தாண்டும்போதெல்லாம்
எதிர் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன்.

ஏழாம் வாரம் குடித்தேன்.
அதையும் சொன்னேன்,
மில்லியோடு.

இன்று ஒன்பதாவது.
பன்னிரண்டுக்கு வகுப்பு முடியும்.
பன்னிரண்டுக்குத்தான் கடை திறக்கும்.
இந்த நேரத்தைக் குறித்தவர்
எந்த ஆபீஸில் உட்கார்ந்திருந்தாரோ.
ஷட்டர் ஏறும் சத்தத்தில்
ரோட்டையே பார்த்து நிற்கிறோம்.
களத்தில் காயும் கொப்பரை வாசம்.
யாரும் யாரையும் பார்ப்பதில்லை.
முத்துலிங்கம், கேட்காமலே,
பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுக்கிறார்.

பஸ் வந்தது.
ஆறு பேர் ஏறினோம்.
தினம் பார்க்கிற கண்டக்டர்
படியில் நின்று எண்ணிப் பார்த்தார்.
விசிலை வாயில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம்
ஊதாமல் இருந்தார்.